மாரியம்மன் கலரில் ஒரு டெர்மினல்

வேலை தலைக்கு மேல் இருக்கும்போதுதான் மனிதனுக்கு அலங்காரத்தில் ஆசை வரும். (மனிதனுக்கு என்றால், எனக்கு.)

வியட்நாமில், சைகோன் நகரத்தின் தூ டுக் பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் தற்காலிக வேலையில் இருந்தேன். அரசு அதிகாரிகள் முன்னால் நான் ஒரு டெமோ காட்ட வேண்டும். நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம், சொதப்பினால் மதுரைக்கு டிக்கெட். அறிவுள்ளவன் புரோகிராமைச் சரிபார்த்திருப்பான். நான் மூன்று நாள் டெர்மினலுக்கு, அதாவது கட்டளைகளைத் தட்டும் அந்தக் கறுப்புத் திரைக்கு, நிறம் பார்த்தேன். கட்டளை தட்டும் இடத்தில் ஒரு டாலர் குறி அழுது வடிந்துகொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. பச்சை வைத்தால் பாசி பிடித்த மாதிரி இருந்தது. நீலத்தில் எழுத்தே தெரியவில்லை. கடைசியில் பென் தான் சந்தைக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் ஞானம் பிறந்தது. திரை முழுக்க மஞ்சள். நடுவே குங்கும நிறத்தில் குறுக்காக மூன்று கோடு, திருநீற்றுப் பட்டை போல. அதற்குக் கீழே கட்டளை. மங்களகரம்! யாருக்கும் காட்டாமல் பொத்திவைத்தேன்.

டெமோ அன்று புரொஜெக்டரில் அது விரிந்ததும் அறை கப்சிப். பிரமித்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

என்னோடு வேலை பார்த்த ஹுவா பாய்ந்து கேபிளைப் பிடுங்கினாள்.

"அன் சிவா!" (அங்கே அண்ணனுக்கு 'அன்'.) "யாரு இதை வைக்கச் சொன்னது?"

"நானேதான். எப்படி இருக்கு?"

"அது போர்ல தோத்துப்போன பழைய சைகோன் அரசாங்கத்தோட கொடி! போர் முடிஞ்சதுலேர்ந்து இங்க யாரும் அதை வெளிய எடுக்கிறதே இல்ல!"

எனக்குத் தெரிந்த ஒரே மன்னிப்பு வார்த்தையான "சின் லோய்"யை ஜபம் மாதிரி சொல்ல ஆரம்பித்தேன். ஹுவா கோயில் கதையை அவர்கள் மொழியில் மூச்சுவிடாமல் விளக்கினாள். மூத்த அதிகாரி எழுந்து என்னிடம் வந்து ஆங்கிலத்திலேயே சொன்னார்.

"மாரியம்மன் கோயிலா? என் மனைவி அங்க போய் வேண்டிக்காத நாளே இல்ல. அந்த அம்மாவை நான் பகைச்சுக்க முடியாது. கறுப்புத் திரையிலேயே காட்டுங்க தம்பி."

அறை முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. டெமோ பிழைத்தது, வேலையும் பிழைத்தது. ஹுவா மட்டும் என் வீட்டுக்கு விருந்துக்கு வந்தபோது என் மனைவி முன்னால் எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டாள்.

இப்போது விடுமுறைக்கு வந்த இடத்தில், மதுரையில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார். கலர் அட்டையை வாங்க நான் கை நீட்டியதுதான் தாமதம், சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது:

"அண்ணே, அவரு எந்தக் கலரைத் தொட்டாலும் அடிச்சிராதீங்க. வியட்நாமுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுச் சொல்றோம்!"