கீரி ஏரியான கதை

ஒரு காட்டில் கரடிதான் பஞ்சாயத்துத் தலைவர். காட்டையே கம்ப்யூட்டரில் வரைபடமாக ஏற்றணும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. கழுகு மேலே பறந்து பார்த்துச் சொல்லச் சொல்ல, எழுத்தர் கொக்கு கீழே உட்கார்ந்து அலகால் தட்டியது. "புளியமரத்துக்குக் கிழக்கே கீரி வளை" என்றது கழுகு. கொக்குக்கு எப்போதும் மீன் நினைப்பு. "ஏரி" என்று தட்டிவிட்டது.

படம் மட்டும் போதாதாம். படத்தைப் பற்றிய விவரத்தாளும் வேணுமாம். யார் பார்த்தது, யார் தட்டினது, என்றைக்கு, எவ்வளவு உயரத்திலிருந்து என்று கொக்கு அச்சுப் பிசகாமல் எழுதி முத்திரை குத்தியது.

கரடி நேரில் போய்ப் பார்த்தது. "அடப்பாவமே, ஏரி இப்படி வறண்டு கிடக்கே. ஆத்துல இருந்து வாய்க்கால் வெட்டுங்கப்பா." காட்டுப்பன்றிகள் வெட்ட ஆரம்பித்தன.

கீரி பதறி ஓடி வந்தாள். வளைக்குள்ளே கண் திறக்காத குட்டிகள்.

"கொக்கண்ணே, அது ஏரி இல்ல, நான். முதல் எழுத்தை மாத்திவிடுங்க."

"விவரத்தாளைப் பாரும்மா. எல்லாம் சுத்தமா இருக்கு. தாள் இவ்வளவு சரியா இருந்தா படம் எப்படித் தப்பாகும்?"

"உங்க முன்னாடிதானே நிக்கிறேன்."

"நிக்கலாம். படத்துல இல்லையே. மாத்தணும்னா கழுகு கையெழுத்து வேணும். அவரு மாறுதலாகி வேற காட்டுக்குப் போயிட்டாரு."

பன்றிகள் புளியமரத்தடிக்கு வந்துவிட்டன. கீரி தாளை எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?"

"நீர் இருப்பு. அங்க குடியிருக்கிறவங்களைக் கேட்டு நிரப்பணும்."

"என்னைத்தானே கேட்கணும்? கரை ததும்பி நிக்குதுன்னு போடுங்க."

கொக்கு போட்டது.

கரடி தாளைப் படித்துவிட்டு ஓடி வந்தது. "ததும்புற ஏரிக்கா வாய்க்கால் வெட்டுறீங்க? காடே முழுகிடும், நிறுத்துங்கப்பா." அதுவரை புழுதியில் வெட்டிக்கொண்டிருந்த பன்றிகள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, மூச்சைப் பிடித்தபடி கரையேறி ஓடின. ஒரு பன்றி காதைச் சாய்த்துத் தண்ணீரை உதறிவிட்டுப் போனது.

குட்டிகள் கண் திறந்தபோது, வாசல் புழுதியில் கொக்கு ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது.

"அம்மா, அந்த மாமா என்ன பண்றாரு?"

"மீன் பிடிக்கிறாரு. சத்தம் போடாதீங்க, கலைஞ்சிடும்."

நீதி: தப்பைத் திருத்த மேலிடத்துக் கையெழுத்து வேணும்; தப்பை நிரப்ப ஒரு கட்டம் போதும்.