யுரேனியத்துக்குச் சாக்கு கழித்தோம்

எண்கள் பொய் சொல்லாது என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. அந்த எண்ணை உங்களுக்கு வாசித்துச் சொன்னது யார் என்று மட்டும் கேட்பேன். எனக்கு வாசித்துச் சொன்னவர் என் தாய்மாமன் அந்தோணி. அதன் பலனாக, எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தர்மபுரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், கையில் பிரியாணித் தட்டோடு நின்றபடி நான் வேலையை இழக்க இருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கடற்கரையோரம் இருந்த ஓர் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சிக் காலம் முடியப் போகிற நேரம். அணு என்றதும் வீட்டில் எல்லோரும் நான் ஏதோ குண்டு செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். (நான் அதுவரை செய்தது பென்சில் சீவியதும் பேப்பர் மடித்ததும்தான்.) மாமா புளி மண்டியில் எடை குமாஸ்தா. "எங்க அக்கா பொண்ணு பிலோமினா அணுவுலருந்து கரண்டு எடுக்குது" என்று மண்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதனால் ஒவ்வொரு தடவை கரண்டு போனபோதும் மண்டியில் அவரைத்தான் பிடித்துக் கேட்டார்கள்.

என் வேலை உண்மையில் என்னவென்றால், கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த கணக்கைப் படமாக வரைவது. குழம்பில் உப்பைக் கொஞ்சம் கூட்டினால் ருசி எவ்வளவு மாறும், புளியைக் கூட்டினால் எவ்வளவு மாறும் என்று பார்ப்போமில்லையா, அதே சங்கதிதான். உலைக்குள் இருக்கும் யுரேனியத்தின் ஒரு குணத்தை நூற்றுக்கு ஒன்று கூட்டினால், உலையின் கணக்கு நூற்றுக்கு எவ்வளவு நகரும்? அந்த எண்களுக்கு உணர்திறன் என்று பெயர். ஐம்பது வரி, மூன்று பத்தி. வரைகிற இயந்திரம் பழுதாகிக் கிடந்ததால் எல்லாவற்றையும் கையால்தான் வரைய வேண்டும்.

எங்கள் பிரிவின் தலைவரை டாக்டர் என்றே குறிப்பிடுகிறேன். (பெயர் வேண்டாம், மனிதர் இன்னமும் நன்றாக இருக்கிறார்.) அவருக்குத் திங்கட்கிழமை காலை பெங்களூரில் கூட்டம். அங்கே காட்ட இந்தப் படங்கள் தேவை. எனக்கோ ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய், போகாமல் இருக்க முடியாது. லீவு கேட்டு நின்றபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "வீட்டிலேயே வரைந்து வைக்கிறேன் சார்" என்று வாயை விட்டேன். அவருக்குச் சேலத்தில் மாமனார் வீடு. ஞாயிறு மதியம் சேலத்திலிருந்து காரில் பெங்களூர் போகிற வழியில் தர்மபுரியில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "உன் கன்பர்மேஷன் ரிப்போர்ட்டையும் பெங்களூர்லதான் உட்கார்ந்து எழுதப் போறேன்" என்று சேர்த்துக்கொண்டார். அது ஊக்கமா மிரட்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரிப்போர்ட் சரியில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வரவேண்டியதுதான், அது மட்டும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் மடிப்பு மடிப்பான அந்த நீளப் பேப்பரைக் கூடத்தில் விரித்தேன். ஒருவர் வாசிக்க, ஒருவர் புள்ளி வைத்தால் சீக்கிரம் முடியும். மாமா தானாகவே வந்து உட்கார்ந்தார்.

"நான் படிக்கறேன் கண்ணு. எங்க மண்டியில ஒரு நாளைக்கு எத்தன மூட்டைக்கு நம்பர் படிக்கிறேன். இது என்னா, பிசாத்து அம்பது வரி."

இங்கே ஒரு நுணுக்கம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக எண்ணைச் சுருக்கி அச்சடிக்கும். 4.125-2 என்று இருந்தால், 4.125ஐப் பத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும் என்று அர்த்தம். அதாவது 0.04125. இதை மாமாவிடம் நான் சொன்னேனா என்றால், சொல்லவில்லை. படித்தவள் என்ற திமிரில், இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"மைனஸ் இருந்தா கவனமாப் பாத்துச் சொல்லுங்க மாமா. மைனஸைக் கோட்டை விட்டா எல்லாமே போச்சு."

"மைனஸை நானா விடுவேன்" என்றார் மாமா. விடவில்லை.

அவர் வாசித்த அழகை என்னவென்று சொல்வது. ஒரு திணறல் கிடையாது, ஒரு தடுமாற்றம் கிடையாது. "பத்து, ரெண்டு புள்ளி மூணு. பதினொண்ணு, ஒண்ணு புள்ளி எட்டு, கோட்டுக்குக் கீழ. பன்னண்டு, ரெண்டு புள்ளி ஒண்ணு." நான் டக் டக் என்று புள்ளி வைத்துக்கொண்டே போனேன். கோடு எகிறியது, விழுந்தது, மறுபடி எகிறியது. எனக்கு ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை என்றால் அதற்குக் காரணம் என் படிப்புதான். குறிப்பிட்ட சில வேகங்களில் வரும் நியூட்ரானைக் கண்டால் யுரேனியம் துள்ளும் என்று பாடத்தில் படித்திருந்தேன். ஆகா, என்னமாய்த் துள்ளுகிறது என்று பூரித்துப்போனேன். படிக்காதவளாக இருந்திருந்தால் பயந்திருப்பேன்.

மூன்று படங்களையும் மூன்று வண்ண மையில் இழுத்து முடித்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். அம்மா வந்து பார்த்து, "சித்தேரி மலையாட்டம் இருக்குது" என்றாள். மாமா பெருமையோடு தலையாட்டினார்.

மறுநாள் கோயிலில் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி, பெயர் வைத்து, வீடு திரும்பிப் பந்தி ஆரம்பித்த நேரத்தில் டாக்டரின் கார் வந்து நின்றது. "மொதல்ல சாப்புடுங்க சார்" என்று மாமா அவரைக் கையோடு உட்கார வைத்துவிட்டார். டாக்டர் நன்றாகவே சாப்பிட்டார். இரண்டாம் தடவை அவரே கேட்டு வாங்கினார். என் வாழ்க்கை இனி ஏறுமுகம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் படத்தை எடுத்துப் பிரித்தார்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, மொத்த ஐம்பது வரியையும் கூட்டினாலே ஒண்ணைத் தாண்டக் கூடாது. நீ ஒவ்வொரு புள்ளியையும் ரெண்டு, மூணு, நாலுன்னு வச்சிருக்கே. உன் படத்துப்படி பார்த்தா, உலைக்குப் பக்கத்துல நின்னு யாரும் தும்மக் கூடாது."

கம்ப்யூட்டர் பேப்பரைக் கொண்டு வந்து நீட்டினேன். அவர் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இங்கே 4.125-2ன்னு இருக்கு. படத்துல 2.1ன்னு வச்சிருக்கே. எப்படி வந்தது?"

எனக்கு விளங்கவில்லை. மாமாவுக்கு விளங்கிவிட்டது. எனக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டில் தனக்கும் பங்கு உண்டு என்கிற முகத்தோடு முன்னால் வந்தார்.

"சாக்குங்க சார்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "சாக்கு சொல்றதெல்லாம் எனக்குப் பிடிக்காதுங்க."

"சொல்லலீங்க சார். கழிச்சுட்டேன்."

"எதைக் கழிச்சீங்க?"

"சாக்கைத்தாங்க."

"நான் கணக்கைக் கேட்கிறேன், நீங்க சாக்கைச் சொல்றீங்க."

"கணக்கே சாக்குலதாங்க இருக்குது சார்."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த நொடியில்தான் மண்டையில் உறைத்தது. புளி மண்டியில் மூட்டையை எடை போட்டு 41-1 என்று எழுதுவார்கள். மூட்டையோடு நாற்பத்தொரு கிலோ, அதில் சாக்கின் எடை ஒரு கிலோ. வாசிக்கிறவர் சாக்கை மனதுக்குள் கழித்துவிட்டு "நாப்பது" என்று நிகர எடையை மட்டும் சொல்வார். இருபது வருடமாக மாமா அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தார். மைனஸைக் கவனமாகப் பாருங்கள் என்று நான் வேறு சொல்லித் தொலைத்தேன். மனிதர் யுரேனியத்துக்கும் சாக்கு கழித்துக் கொடுத்துவிட்டார். அதுவும் நூற்றைம்பது தடவை, ஒரு பிசகு இல்லாமல்.

திக்கித் திணறி இதை விளக்கினேன். டாக்டர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கோபத்தில் குலுங்குகிறதோ என்று பயந்தேன். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பந்தியில் இருந்தவர்கள் விஷயம் என்னவென்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சிரித்து முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்குக் கிளம்பணும். உட்காரு. நான் படிக்கிறேன், நீ வை." மாமாவை ஓரமாக உட்காரச் சொன்னார். மாமா சுருங்கிப்போய் உட்கார்ந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

டாக்டர் வாசிக்க வாசிக்க, புதுத் தாளில் கோடு சமர்த்தாக நடந்தது. முதல் பத்தி முடிந்தது. ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"சார், உதைக்குதுங்க."

"என்ன உதைக்குது?"

"அடியில மொத்தம்னு ஒண்ணு படிச்சீங்க பாருங்க. நீங்க படிச்சத மனசுல கூட்டிக்கிட்டே வந்தேன். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒண்ணு எட்டு கொறையுது."

டாக்டர் சிரித்துக்கொண்டே சரிபார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது. பேப்பரைத் தூக்கிப் பார்த்தால், மடிப்பு இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நடுவில் ஒரு வரி மறைந்திருந்தது. ஒட்ட வைத்தது பிரியாணி நெய். நெய் வந்தது டாக்டர் விரலிலிருந்து. மெதுவாகப் பிரித்தோம். முப்பத்தோராம் வரி, 1.800-2. அவ்வளவேதான்.

டாக்டர் எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். மாமாவுக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார். "நீங்க கூட்டிட்டே வாங்க. கழிக்க மட்டும் வேணாம்" என்றார்.

மூன்று ஐம்பதுக்கு வேலை முடிந்தது. காரில் ஏறும்போது என் தலைவிதியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். அடுத்த ஒரு மாதம் நான் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தேன். மாமா மண்டியில் என்னைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார் என்று அம்மா கடிதம் எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது வேலை போவதைவிட அதுதான் அதிகமாகச் சுட்டது.

ஒருவழியாகக் கன்பர்மேஷன் ஆர்டர் வந்தது. வேலை நிரந்தரம். சனிக்கிழமையே பஸ் பிடித்து ஊருக்குப் போய் நேராக மாமாவின் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். பாதியில் நிறுத்தி, முகமெல்லாம் பல்லாக என்னைப் பார்த்தார். பயிற்சிக் காலத்தில் நான் எடுத்த மூன்று நாள் விடுப்பைக் கழித்துவிட்டு மீதிக் காலத்தைத்தான் பணியாகக் கணக்கிட்டிருந்தார்கள்.

"பாத்தியா. சென்ட்ரல் கவர்மெண்டே சாக்கு கழிக்குது. நான் கழிச்சா மட்டும் தப்புன்றீங்க." பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அப்படியே மண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் மொத்தமாகச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. மார்க்கு, வயது, உடம்பு எடை, கல்யாணத்துக்கு வந்த கூட்டம், எதைச் சொன்னாலும் "சாக்கு கழிச்சு எவ்ளோ?" என்று ஒரு குரல் வரும். நான் ஓய்வு பெற்ற அன்று பாராட்டு விழாவில், முப்பத்தாறு வருடம் குறையில்லாமல் பணி செய்தவர் என்று என்னை மேடையில் புகழ்ந்தார்கள். கை தட்டினார்கள். தட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து, எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த மாமா நிதானமாகச் சொன்னார்: "மூணு நாள் கொறையுதுங்க."