தேவ அழைப்பு உறுதிசெய்யும் குழு

உலகம் உண்டான நாள்முதல் தேவன் மனிதரை அழைத்துக்கொண்டேதான் இருக்கிறார். அந்த அழைப்பு சரிதானா என்று பார்த்துச் சொல்ல ஓர் அமைப்பு இல்லாததுதான் பெருங்குறை. எங்கள் சபை அதைத் தீர்த்துவைத்தது. 'தேவ அழைப்பு உறுதிசெய்யும் குழு'வுக்குத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். உறுப்பினர், பாடகர் குழுவை நடத்துகிறவர். செயலாளர் அடியேன். ரப்பர் முத்திரை என் பையில்தான் இருக்கும் என்பதைத் தாழ்மையோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழாய் ரிப்பேர்காரரின் மகள் எங்கள் முன் வந்து நின்றாள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அவளுக்கு அந்தப் பணிக்கான அழைப்பு உண்டு என்று சபை தரும் சாட்சிக் கடிதம் மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் அது போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருவருக்கு.

"ஏம்மா நர்ஸ் ஆகணும்?" என்றார் தலைவர்.

"பிடிச்சிருக்கு ஐயா. அம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப ரெண்டு வருஷம் நான்தான் பாத்துக்கிட்டேன். இதுதான் என் வேலைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

தலைவர் பேனாவை மூடினார். "பிடிச்சிருக்கா! போச்சு."

"ஏன் ஐயா?"

"மோசேக்குப் பிடிச்சுதா? எனக்குப் பேச வராதுன்னான். யோனாவுக்குப் பிடிச்சுதா? கப்பல் ஏறி ஓடியே போயிட்டான். அழைப்புன்னா ஓடணும்மா. நீ என்னடான்னா அப்ளிகேஷன் போட்டுட்டு வந்து நிக்கிறே!"

என்ன நுட்பம்! எனக்குப் புல்லரித்துவிட்டது. 'விருப்பம் மாம்சத்துக்குரியது' என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அவள் விடவில்லை. பாடகர் குழுக்காரரைப் பார்த்து, "அண்ணே, நீங்க பிடிச்சுத்தானே பாட்டு நடத்துறீங்க?" என்றாள்.

"எனக்குப் பிடிச்சா என்ன? சபையில ஒருத்தருக்கும் பிடிக்கலையே. அதனால அது அழைப்புதான்" என்றார் அவர், பெருமையோடு.

புதன்கிழமை அவளையும் வரச்சொல்லி மறுபடியும் கூடினோம். ஆரம்ப ஜெபம் முக்கால் மணி நேரம் நீண்டதில் தலைவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. வியர்த்துக் கொட்டி, நாற்காலியிலேயே சாய்ந்தார். தலைவர் சாய்ந்த நிலையில் கூட்டம் செல்லுமா, செல்லாதா என்று நாங்கள் இருவரும் விவாதிப்பதற்குள், அந்தப் பெண் சர்க்கரைத் தண்ணீர் கலக்கி மடக்கு மடக்காகப் புகட்டி, அவரை நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டாள். குறிப்பேட்டில் 'இடையூறு: ஒன்று' என்று பதிந்தேன்.

"இப்பவாவது கடிதம் குடுங்க ஐயா" என்றாள்.

தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு உறுப்பினரைப் பார்த்தார்.

"நான் கவனிச்சேன். தண்ணி குடுக்கும்போதும் அவ முகத்துல சந்தோஷம்தான்" என்றார் உறுப்பினர்.

வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்தோம்.

ஞாயிறன்று, கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். கண் சிவந்திருந்தது. "இடத்த முந்தாநாளே வேற ஒருத்திக்குக் குடுத்துட்டாங்க. இனிமே நர்ஸ் பேச்சையே என்கிட்ட எடுக்காதீங்க. நினைச்சாலே வெறுப்பா இருக்கு. எனக்கு வேணவே வேணாம்!"

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து ஓடினாள்.

"ஓடுறா!" தலைவர் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா, ஓடுறா! இதுதான்யா அழைப்பு! போடுங்க முத்திரையை!"

போட்டேன். உறுப்பினர் ஸ்தோத்திரம் சொன்னார். வெளியே அவள் விசும்பும் சத்தம் கேட்டது. இடம்தான் போய்விட்டதே, இந்தக் கடிதம் எதற்கு என்று மெல்லக் கேட்டேன்.

"அது தேவ சித்தம். எழுதிக்குங்க" என்றார் தலைவர்.

எழுதினேன். கீழே வழக்கம்போல மூன்று கையெழுத்து. மூன்றும் எங்களுடையவை, தேவனுடையது இல்லை.