பதினான்கு ஜன்னலும் ஒரே கைப்பிடியும்

இந்த வீட்டில் ஆட்சியை மாற்றியே தீருவது என்று போன மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முடிவெடுத்தேன். அப்போது என் தலையணை எனக்கு மேலே இருந்தது. காதையும் கண்ணையும் சேர்த்து மூட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முதலில் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவின் கரையோர ஊரான அர்ரோயோவில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். சிமென்ட் வீடு, பதினான்கு ஜன்னல். எல்லாம் அலுமினியத் தகடு அடுக்கிய ஜன்னல்கள். கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றினால் தகடுகள் திறக்கும், மறுபக்கம் சுற்றினால் மூடும். வீடு கட்டிய புதிதில் பதினான்குக்கும் பதினான்கு கைப்பிடி இருந்தது. பிறகு கடற்காற்று தன் வேலையைக் காட்டியது. ஒன்று துருப்பிடித்து உடைந்தது. இன்னொன்றின் பல் தேய்ந்துபோய், சுற்றினால் அது மட்டும் சுற்றியது, ஜன்னல் வேடிக்கை பார்த்தது. இப்படி ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்து கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான். ஒரு கைப்பிடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, ஜன்னல் ஜன்னலாகக் கொண்டுபோவார்கள். அந்தக் கைப்பிடி யார் பையில் இருக்கிறதோ அவர்தான் வீட்டுக்கு அதிபர். எங்கள் வீட்டில் அது இருபத்திரண்டு வருஷமாக என் மனைவி நெரெய்தாவின் நைட்டிப் பையில் இருந்தது.

நான் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவன். முப்பத்தோரு வருஷமும் விடியுமுன் நாலரைக்கு எழுந்தேன். ஓய்வு பெற்ற அன்று மாதாவிடம் நான் கேட்டது ஒன்றுதான், காலை எட்டு மணி வரைக்கும் தூக்கம். பேரப்பிள்ளை கேட்கவில்லை, லாட்டரி கேட்கவில்லை. மாதாவுக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. நெரெய்தாவுக்கு இருந்தது.

தினமும் சரியாக ஆறு மணிக்கு வருவாள். பையிலிருந்து கைப்பிடியை எடுப்பாள். படுக்கையறை ஜன்னலில் மாட்டுவாள். கிரீச், கிரீச், கிரீச். வெயில் நேராக என் மூஞ்சியில் விழும். அடுத்த வீட்டு மோஞ்சோவின் சேவல் மூன்றடி தள்ளி வேலிமேல் நின்றுகொண்டு என் காதுக்குள் கூவும். அது வாலிபத்தில் சண்டைச் சேவல். இப்போது ஓய்வு பெற்றுவிட்டது, தொண்டைக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தலாம் என்றால் கைப்பிடி நைட்டிப் பையோடு சமையலறைக்குப் போயிருக்கும்.

ஒருநாள் கட்டிங் பிளேயரை வைத்து, ஜன்னலில் கைப்பிடி மாட்டும் தண்டைத் திருகிப் பார்த்தேன். தண்டில் மிச்சமிருந்த பல்லும் மொழுக்கையாகிவிட்டது. அதிலிருந்து அவளுக்கே நாலு தடவை மாட்டினால்தான் பிடிக்கும். அந்தப் பழியும் என் தலையில் விழுந்தது.

ஆகவே அந்தத் திங்கட்கிழமை காப்பிக் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"நெரெய்தா, நான் எல்லா ஜன்னலுக்கும் புதுக் கைப்பிடி போடப் போறேன்."

"எதுக்கு? ஒண்ணு இருக்கே."

"அது உன்கிட்ட இருக்கு."

"பின்ன? காலையில பதினாலையும் திறக்கறது யாரு? மழை வந்தா சாத்தறது யாரு? மழை விட்டா திறக்கறது யாரு? சாயங்காலம் கொசுவுக்குச் சாத்தறது யாரு? என் மணிக்கட்டைக் கேளு, கதை கதையாச் சொல்லும்."

"அஞ்சு நிமிஷ வேலை. அதைப் போய்க் கவர்னர் உத்தியோகம் மாதிரி சொல்றியே."

"அஞ்சு நிமிஷமா?"

"நான் செஞ்சா மூணு நிமிஷம்."

அவள் வெண்ணெய்க் கத்தியை எடுத்தாள். என் ரொட்டியில் இன்னும் கொஞ்சம் வெண்ணெய் தடவினாள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் கேட்காமல் வெண்ணெய் தடவியதில்லை. எனக்கு அப்போதே சுரீரென்றிருக்க வேண்டும். இல்லை. தின்றேன்.

"சரி கிழவா, உன் இஷ்டம். கடையில மாதிரி கேப்பான், இந்தா" என்று பையில் கைவிட்டுக் கைப்பிடியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். சூடாக இருந்தது.

எலாடியோவின் ஹார்டுவேர் கடையைப் பற்றி ஊருக்கே தெரியும். பழைய சாமானைக் கண்ணில் காட்டாமல் அவன் ஒரு திருகாணியைக்கூட விற்க மாட்டான். ஒரு குழாய் வாஷருக்காக என்னை மூன்று முறை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறான். அன்று நான் கடைக்குள் கால் வைத்தேன், "ஜன்னலுக்கு…" என்றேன். கவுன்டருக்குக் கீழே குனிந்து ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி வைத்தான்.

"கைப்பிடி பதினாலு, பல் சக்கரப் பெட்டி பதினாலு. ஒன்பது இடதுகை, அதாவது இடது பக்கம் மாட்டறது, அஞ்சு வலதுகை. திருகாணி உள்ளேயே இருக்கு."

"மாதிரி பாக்கலையா?"

"உங்களைப் பாத்தாலே தெரியுது, ஹெர்மினியோ."

எனக்கு நெஞ்சு விரிந்தது. ஒரு காரியத்தைத் தீர்மானித்துவிட்ட ஆண்பிள்ளைக்கு முகத்திலேயே ஒரு களை வந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தேன். இடதுகை ஒன்பது என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் நினைக்கவில்லை.

மாட்டி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பழைய திருகாணி ஒவ்வொன்றும் ஜன்னல் சட்டத்தோடு கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தது. தலை தேய்ந்தது, திருப்புளி வழுக்கியது, என் விரல் முட்டியில் தோல் உரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மோஞ்சோ நாற்காலி போட்டு உட்கார்ந்து, சேவலை மடியில் வைத்துக்கொண்டு யோசனை சொன்னான்.

"யோவ், எண்ணெய் விடுய்யா."

"விட்டாச்சு."

"தட்டிப் பாரு."

"தட்டியாச்சு."

"அப்ப திட்டிப் பாரு."

அதை முந்தின நாளிலிருந்தே செய்துகொண்டிருந்தேன்.

செவ்வாய் சாயங்காலம் பதினான்காவது கைப்பிடி ஏறியது. வெண்ணெயில் விரலை விட்டதுபோல் சுற்றியது. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. கைப்பிடி இப்போது ஜன்னலிலேயே இருக்கிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு நெரெய்தா வந்து சுற்றினால்? இரண்டு நாள் உழைப்பும் விரல் தோலும் வீண். சட்டம் ஒன்று போட்டாக வேண்டும். நெரெய்தாவைக் கூப்பிட்டேன். வேலிக்கு அப்பால் மோஞ்சோவையும் எழுந்து நிற்கச் சொன்னேன்.

"மோஞ்சோ, நீ சாட்சி. இன்னியிலேர்ந்து இந்த வீட்டு ஜன்னலை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது."

நெரெய்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "யாருமேவா?"

"யாருமே."

"மழை வந்தா?"

"நான் பாத்துக்கறேன்."

"கொசு நேரத்துல?"

"நான்."

"காலையில?"

"நான்தான். எப்பத் திறக்கணும்னு நான் சொல்லுவேன். எட்டு மணிக்கு."

"நல்லா யோசிச்சுச் சொல்லு, கிழவா. அப்புறம் மாத்தக்கூடாது."

"என் வாயிலேர்ந்து வந்தா வந்ததுதான்."

மோஞ்சோ சேவலின் காலைத் தூக்கி, அதுவும் சாட்சி என்றான். நெரெய்தா உள்ளே போய்விட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அழுகிறாளோ என்று எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் தூறல் விழுந்தது. ஓடினேன். பதினான்கையும் சாத்தினேன். மழை நின்றது. வீடு அடுப்பாகிவிட்டது. பதினான்கையும் திறந்தேன். உட்கார்ந்தேன். தூறல். இப்படி மூன்று முறை. எங்கள் ஊர் மழைக்கு ஒரு முடிவுக்கு வரும் பழக்கம் கிடையாது. நெரெய்தா தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு சுற்றுக்குப் பதினேழு நிமிஷம்.

"மூணு நிமிஷம்னியே" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது காலை எட்டு மணி. கொசுவுக்காக எல்லாவற்றையும் சாத்திவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துப் படுத்தேன்.

விடியற்காலை ஐந்தரைக்குக் கரண்ட் போயிற்று. அது எங்கள் தீவில் செய்தியே இல்லை. மின்விசிறி நின்றது. சாத்திய வீட்டுக்குள் காற்று செத்துப்போனது. முதுகு விரிப்போடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நெரெய்தா அசையாமல் படுத்திருந்தாள்.

"நெரெய்தா, முழிச்சிருக்கியா?"

"ம்."

"வேர்க்கலையா உனக்கு?"

"வேர்க்குது."

"ஜன்னலைத் திறக்கலாமே."

"தாராளமா. ஆனா நான் தொடக்கூடாதே."

"இந்த ஒரு தடவை தொடலாம். நான் சொல்றேன்."

"ஐயோ, வேண்டாம்பா. மோஞ்சோ சாட்சி. சேவல் வேற சாட்சி."

பத்து நிமிஷம் வீம்பாகக் கிடந்தேன். பிறகு எழுந்து படுக்கையறை ஜன்னலைத் திறந்தேன். சேவல் என் முகத்தைப் பார்த்து ஒரு கூவல் விட்டது.

"எழுந்ததுதான் எழுந்தே" என்றது படுக்கை. "சமையலறையில நேத்துப் பொரிச்ச மீன் வாசனை அப்படியே நிக்குது. அதையும் திறந்துடு. கூடத்தைத் திறந்தாத்தான் காத்து இந்தப் பக்கம் வரும். பின்பக்கம் திறந்தாத்தான் அந்தப் பக்கம் போகும்."

பதினான்கையும் திறந்தேன். கடைசி ஜன்னல் வேலிப் பக்கத்தது. அங்கே மோஞ்சோ காப்பியோடு நின்றிருந்தான்.

"அட, ஆரம்பிச்சாச்சா? கைப்பிடி எப்படி இருக்கு? நம்ம வீட்டுப் பிடியைத்தானே எலாடியோ மாதிரிக்கு வாங்கி வெச்சிருந்தான்."

"உன் வீட்டுப் பிடியா? எப்ப?"

"ஈஸ்டர் முடிஞ்ச வாரம். நெரெய்தா சீட்டு எழுதிக் கொடுத்தா, நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது ஒன்பது, வலது அஞ்சு. ஒரு மாசமா அந்தப் பெட்டி உனக்காகக் காத்திட்டிருந்துச்சு. டாக்டர் அவளைத் திருகற வேலையே செய்யக்கூடாதுன்னுட்டாரே, உனக்குத் தெரியாதா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னாளாம். நாலஞ்சு தடவை சொன்னாளாம். அஞ்சு நிமிஷ வேலைக்கு ஏன் புலம்பறேன்னு நீ திரும்பிப் படுத்துக்கிட்டியாம்." மோஞ்சோ காப்பியை உறிஞ்சினான். "கேட்டாச் செய்ய மாட்டாரு, தானாப் பிடுங்கிக்க விட்டாச் செய்வாருன்னு அவதான் சொன்னா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இரண்டு நாள் விரலைக் கிழித்துக்கொண்டது நான். சட்டம் போட்டது நான். சாட்சி வைத்தது நான். தப்பிக்க ஒரு சின்ன ஓட்டைகூட விடாமல் எல்லா வாசலையும் நானே அடைத்திருந்தேன். அதோடு அந்த மணிக்கட்டை நினைத்து வெட்கமாகவும் இருந்தது, அது ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. இதைக் கேட்டே விடுவது என்று நேராகப் படுக்கையறைக்குப் போனேன்.

அதற்குள் கரண்ட் வந்திருந்தது. மின்விசிறி ஜிலுஜிலுவென்று சுற்றியது. நெரெய்தா கட்டிலின் என் பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து, குறுக்காகப் படுத்திருந்தாள். என் தலையணை அவள் முகத்துக்கு மேலே இருந்தது.

"நெரெய்தா" என்றேன், என் கடுமையான குரலில்.

தலையணைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "எட்டு மணிக்கு எழுப்பு, கிழவா. போறப்ப அந்த ஜன்னலைச் சாத்திட்டுப் போ. இந்தச் சேவலோட மனுஷி தூங்க முடியுமா?"

சாத்தினேன். புதுக் கைப்பிடி, கிரீச் என்றுகூடச் சொல்லவில்லை.