ரேஷ்மியின் டப்பாவும் நம் வீட்டு மானமும்

அய்யா உண்டு.

மஸ்கட்டில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் கிருஷ்ணமணி அவர்களுக்கு, அஞ்சுகிராமத்திலிருந்து தங்கள் தங்கை புருஷன் சுயம்பு பணிவுடன் எழுதுவது. இங்கே வாழையும் நாங்களும் நலம், என் மகள் ரேஷ்மி மட்டும் நலமில்லை. தங்கள் வீட்டு நலம் அறிய ஆவல்.

"அவியளுக்குக் கிறுக்குப் பிடிச்சு டப்பாவும் கையுமா அலையுதாவ" என்று உங்கள் தங்கை முத்துக்கனி உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அழுதது என் காதில் விழுந்தது. போனில் நான் வாய் திறந்தால் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

எட்டு வயசுப் பிள்ளை மச்சான், பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். முகமெல்லாம் வெளிறி, பல்பத்தைக் கடித்துத் தின்கிறாள். கண்ணு பட்டிருக்கும் என்று மூன்று தரம் மிளகாய் சுற்றிப் போட்டாள் உங்கள் தங்கை. டாக்டரம்மா ரத்தம் குறைவு, வயிற்றில் புழு இருக்கும், மலப் பரிசோதனை செய்யுங்கள் என்றார். முதல் நாள் டப்பாவை நாலு பைக்குள் கட்டி, மேலே ஜவுளிக்கடைப் பையும் போட்டு என்னை பஸ் ஏற்றினாள். பக்கத்து சீட்டுக்காரர் "கல்யாண வீட்டுக்கா?" என்றார். வழியில் பஸ் பஞ்சர். "அண்ணாச்சி, இது வெயில்ல கெட்டுப்போச்சு, எடுத்த உடனே வரணும்" என்று லேப் பெண் பிரீனா திருப்பிவிட்டாள். மறுநாள் பைக்கில் பறந்தேன். "ஒரே எண்ணெய்த் துளி, ஒண்ணும் தெரியல. விளக்கெண்ணெய் குடுத்தியளா?" என்கிறாள்! வீட்டில் கேட்டால், "பெறவு? டவுன்ல நாலு பேரு பாக்கப்போறாவ. வயித்தக் கழுவாம அனுப்புனா நம்ம வீட்டப் பத்தி என்ன நெனப்பாவ?" என்றாளே பார்க்கணும்! "ஏட்டி, அழுக்கப் பாக்கத்தான் அவிய பூதக்கண்ணாடியே வச்சிருக்காவ!" என்று கத்தினேன்.

விடுவேனா? ஒரு வாரம் கழித்து டப்பாவை விட்டுவிட்டுப் பிள்ளையையே கொண்டுபோனேன். ஆறு மட்டி வாழைப்பழம் கொடுத்து லேப் வாசலில் உட்கார்த்தினேன். பத்து மணிக்குக் காரியம் நடந்தது. கொக்கிப்புழு முட்டையாம்! ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே ஏறுமாம். மாத்திரையும் இரும்புச் சத்து டானிக்கும் ஆரம்பித்தாயிற்று. வீட்டில் எல்லோரும் பரிசோதிக்க வேண்டும் என்றதும் உங்கள் தங்கை ஆடிய ஆட்டம்! அவளையும் இழுத்துப் போனேன். எனக்கு என்ன, தேக்கு மாதிரி உடம்பு, பேருக்கு நானும் கொடுத்தேன். நீங்கள் அவளைக் கூப்பிட்டு நன்றாகத் திட்ட வேண்டும். என் பிள்ளைக்கு இதைக் கொடுத்தது யாராயிருந்தாலும் நான் விடப்போவதில்லை.

தங்கள் பிள்ளைகள் கைகழுவிச் சாப்பிட்டு நீடு வாழ்க.

இப்படிக்கு,
சுயம்பு

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் முடிவு வந்துவிட்டது. முத்துக்கனிக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் இருக்கிறது, பிள்ளையைவிட அதிகம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "நீங்க எங்க வெளிக்குப் போறீங்க?" வீட்டில் கக்கூஸ் இருந்தும், அடைத்த அறைக்குள் வராது என்று வாழைத் தோப்புக்குள் போகிறவன் நான் ஒருத்தன்தான். தினமும் அதே வாழைக்குள் எனக்குக் காப்பி கொண்டு வருவது ரேஷ்மி, வெறுங்காலோடு. முத்துக்கனி கக்கூஸைக் கழுவி எனக்கு வாளியில் தண்ணீர் நிறைத்து வைத்தாள், அதுதான் தாங்க முடியவில்லை. இன்று காலை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தேன், முக்கால் மணி நேரம். மச்சான், திட்டுவதற்குப் போன் செய்யுங்கள். அவளிடம் கொடுக்காமல் நானே எடுக்கிறேன்.