பழுப்பு பூட்ஸ் மீட்ட படலம்

வாழ்க எர்லிண்டா. மழையைப் போர்வையாகவும் மீன்செதிளைப் பொன்னணியாகவும் பூண்டவள், பதினொரு கோடைகளில் எண்ணிறந்த சால்மன்களின் முதுகெலும்பை ஒரே இழுப்பில் உருவியெடுத்த குறுங்கத்திக் கோமகள், கார்வர் துறை மீன்பதனக் கூடத்தின் முதல் மேசைக்கு முடிசூடாத அரசி, இரு மணிக்கட்டிலும் வலி என்னும் வளையணிந்த எர்லிண்டா பகானி வாழ்க. அவள் தன் பூட்ஸைத் தேடிப் புறப்பட்டு, ஒரு பிற்பகலுக்குள் ஓர் ஊரையே வலம்வந்து மீண்ட கதையைச் சொல்லப் புகுகிறேன். கலைமகளை அழைக்கவில்லை, அவளுக்கு இந்தக் குளிர் ஒத்துவராது. அலாஸ்காக் கரையை ஆண்டில் பாதிக்கு மேல் நனைக்கும் மழையே, நீ வந்து என் நாவில் நில். அழைக்காவிட்டாலும் வரத்தான் போகிறாய்.

முதலில் பூட்ஸின் பெருமை. கார்வர் துறையில் மேயர் அணிவதும் அதுவே, மீனவன் அணிவதும் அதுவே. மணமேடையில் மணமகள் அணிந்ததும், அவளுக்கு மணம் முடித்துவைத்த பாதிரியார் அணிந்ததும் அதுவே. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே நிற்கும் பழுப்பு ரப்பர்; ஒரே நிறம், ஒரே வார்ப்பு, ஒரே தாய் வயிற்றில் பிறந்த ஈராயிரம் இரட்டையர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அதை வாசலில் கழற்றிவிட வேண்டும் என்பது இவ்வூரின் மாறாத நெறி. அதனால் ஆளாளுக்கு ஒரு கொடி, ஒரு சின்னம். ஒருவன் நீலக் கயிறு கட்டியிருப்பான். ஒருத்தி விவாகரத்தான கணவன் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதியிருப்பாள். எர்லிண்டா இடக்குதிகாலில் நகச்சாயத்தால் மூன்று சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். சேரனுக்கு வில், பாண்டியனுக்கு மீன், எர்லிண்டாவுக்கு மூன்று புள்ளி.

அன்று சால்மன் பெருவரவின் முதல் இரவு. மேற்பார்வை என்னும் செங்கோலைப் பிடித்து, காபிக்கறை என்னும் மாலையைச் சட்டையில் அணிந்த ஹால்வர் ஓஸ், காலையிலேயே முரசறைந்திருந்தார்:

“சாயங்காலம் ஆறு மணிக்கு பூட்ஸோட மேசைல நிக்காதவங்களுக்கு, சீசன் முடியற வரைக்கும் குடல்தொட்டிதான். பூட்ஸ் இல்லாம வந்தா கதவுலயே திருப்பி அனுப்பிருவேன். வழுக்கி விழறது நீங்க, பேப்பர் எழுதறது நானா?”

குடல்தொட்டியைப் பாட இந்தப் புலவனுக்குச் சொல் போதாது. பதினாறு மேசைகளின் கழிவும் வந்து கலக்கும் நரகத்தலைநகரம் அது. அங்கே ஒரு கோடை நின்றவர்களின் அருகில் கிறிஸ்துமஸ் வரை நாய்கள்தாம் விரும்பி உட்காரும். எர்லிண்டா தன் முதல் இரண்டு கோடைகளை அங்கே கழித்தவள். மூன்றாவது முறை அவள் போவதாக இல்லை.

இந்நிலையில் பகைப்படை கரையிறங்கியது. பதினான்கு மாடி உடைய, சுற்றுலாக் கப்பல் என்னும் வெண்ணிற மிதக்கும் கோட்டை காலை எட்டுக்கு நங்கூரமிட்டது. அதன் வயிறு திறந்து மூவாயிரவர் வெளிப்பட்டனர். மூவாயிரவர் கையிலும் ஒரே ஓலை. ‘கார்வர் துறையில் செய்யவேண்டிய பத்து.’ அந்த ஓலையின் ஐந்தாம் வரி, ‘உள்ளூர் மக்களோடு அமர்ந்து மீன் உண்ணுங்கள்’ என்றது. அமர்ந்து உண்ண விருந்தினர் உண்டு. உள்ளூர் மக்கள் அமர முடியாது, அவர்கள் அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். மாதா கோயில் கூடத்தின் கொதிக்கும் எண்ணெய்க் கடலருகே, காலை ஒன்பதிலிருந்து எர்லிண்டா ஹாலிபட் மீன் துண்டுகளை மாவில் முக்கி எறிந்துகொண்டிருந்தாள்.

கூடத்து வாசலில் இரண்டு அலமாரி. வலப்பக்கத்தது உள்ளூர்க்காரர் கழற்றிவைப்பது. இடப்பக்கத்தது கடற்கரைக் குட்டைகளில் இறங்க விரும்பும் விருந்தினருக்குக் கடனாகத் தரும் பழைய பூட்ஸ். இடம் எது, வலம் எது என்று ஆங்கிலத்தில் எழுதி, அம்புக்குறியும் போட்டு, சிரிக்கும் மீன் படமும் வரைந்து ஒட்டியிருந்தார்கள்.

மணி மூன்றேகால். வெற்றிக்களைப்போடு எர்லிண்டா வெளியே வந்தாள். அவள் பூட்ஸ் நின்ற இடத்தில், குளிர்காலக் கூட்டில் குஞ்சு இல்லாத வெறுமை. அந்த வெறுமையில், பகைவன் விட்டுச்சென்ற முறிந்த வாள்போல, ஒரு ஜோடி வெள்ளைத் துணிச் செருப்பு. மேலே பொன்னூலில் நங்கூரம்.

அவளுக்கு அடுத்த இரண்டாம் மேசையில் கத்தி பிடிக்கும் ரெமி குனிந்து பார்த்தாள்.

“அக்கா, இது கப்பல் ரூம்ல குளிச்சிட்டு வந்து போட்டுக்கற செருப்பு.”

“என் பூட்ஸ் எங்கடி?”

“தானா நடந்து போயிருக்கும். அதுக்குத்தான் பதனக்கூடத்துக்கு வழி தெரியுமே.”

“உன்னோடதக் கழட்டு.”

“என் காலு அஞ்சு, உன் காலு எட்டு. உள்ள விட்டா வெளிய எடுக்க டாக்டர் வரணும்.”

கடன் அலமாரியைப் பார்த்தாள். வெட்டுக்கிளி இறங்கிய வயல். கடைக்குப் போகலாமென்றால், அவள் அளவு பத்து நாளாகத் தீர்ந்திருந்தது. ஓலையின் இரண்டாம் வரி ‘உள்ளூர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்குங்கள்’ என்பதால், மழையே பெய்யாத ஊர்களிலிருந்து வந்த மகராசர்கள் அள்ளிப் போயிருந்தார்கள். அப்போது செருப்புக்கு அடியிலிருந்து ரெமி ஓர் ஒற்றனைப் பிடித்தாள். அதே ஓலை. மேலே ‘மார்லீன்’ என்று பெயர். இரண்டாம் வரிக்கு எதிரே ‘அளவு இல்லை’; முதல் ஐந்தில் மற்றவற்றுக்கு எதிரே பேனாக் கோடு. மீதி வரிகளுக்கு எதிரே நேரம். ஆறாம் வரி, செதுக்குக் கம்பங்கள். ஏழு, சால்மன் ஓடை. எட்டு, கரைக்குட்டை. ஒன்பது, மிட்டாய்க் கடை. அடியில் பெரிதாக: கப்பல் ஐந்தரை.

மண்ணுலகம் கேட்க, விண்ணுலகம் கேட்க, உறைபெட்டியில் கிடந்த ஹாலிபட்டும் கேட்க, எர்லிண்டா வஞ்சினம் உரைத்தாள். ‘என் அடி தாங்கிய கவசத்தை மீட்காமல் ஆறு மணி காணேன்’ என்பது அதன் பொருள். அவள் வாயில் வந்த சொற்கள் இவை: “எவ கால்ல கிடந்தாலும் உருவிட்டு வந்துதான் மறுவேலை.”

வெள்ளைச் செருப்பணிந்து புறப்பட்டாள் மறக்குலக் கொடி. பத்தாவது அடியில் மழை பிடித்தது. ஐம்பதாவது அடியில் செருப்பு, குடித்த நீரைக் கக்கத் தொடங்கியது. கடற்காகங்கள் பரணிப் பேய்களாய் மேலே வட்டமிட்டுக் கூழ் கேட்டன.

ஆறாம் தலமான செதுக்குக் கம்பங்களின் கீழ், தன் தாய்வழிக் குடியின் சின்னமான காகத்துக்கு அலகு செதுக்கிக்கொண்டிருந்தான் டிலிங்கிட் பழங்குடித் தச்சன் வால்டர். அவள் காலைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

“பதினோரு வருஷமா இந்த ஊர்ல இருக்க. இன்னைக்குத்தான் கம்பம் பாக்க நேரம் கெடச்சுதா? அதுவும் நல்லா உடுத்திட்டு வந்திருக்க.”

“பழுப்பு பூட்ஸ் போட்ட ஒருத்தி வந்தாளா?”

“நாப்பது பேரு வந்தாங்க. எல்லாரும் பழுப்பு பூட்ஸ். எல்லாரும் ரெண்டு நிமிஷம். ஒருத்தி மட்டும் காகத்தோட வாய் ஏன் பெருசுன்னு கேட்டா. உங்களப் பாத்துப் பாத்துத்தான்னேன். எழுதிக்கிட்டா.”

அறுபதடி உயர்ந்து, மேகத்தைத் தோளில் சாய்த்து நின்ற கம்பத்தை எர்லிண்டா நான்கு நொடி நிமிர்ந்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஓடினாள்.

ஏழாம் தலமான ஓடைப்பாலத்தில் இருநூறு பேர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தார்கள். அருவியை எதிர்த்து ஒரு சால்மன் துள்ள, கைதட்டல் எழுந்தது. வழுக்கி விழ, பெருமூச்சு எழுந்தது. எதிர்நீச்சலின் மாண்பைப் பற்றி ஒருவர் தன் மனைவிக்கு விளக்கினார். அவர் வாயில் சால்மன் சாண்ட்விச் இருந்தது. எர்லிண்டாவின் கண்ணுக்கோ துள்ளிய ஒவ்வொன்றும் எடைபோடப்பட்டு, தலை நீங்கி, இரு பக்கமாகப் பிளந்து பெட்டியில் விழுந்தது. பூட்ஸ்கள் நின்ற வரிசையில் குதிகால் குதிகாலாக அவள் குனிந்து பார்த்துப் போனபோது, ஒரு குடும்பம் வழிமறித்துப் படம் எடுத்துத் தரச் சொன்னது. எடுத்துத் தந்தாள். பாட்டி கண் மூடிவிட்டதால் இன்னொன்று கேட்டது. தந்தாள். பச்சைக் கோட்டு அணிந்த ஒருத்தி, சேறு குடித்து ஊதிப்போன அவள் செருப்பைக் காட்டி, “இது இங்க இருக்கற பழங்குடிங்க போடறதா?” என்றாள்.

“ஆமா. போர்க்காலத்துல மட்டும்.”

எட்டாம் தலமான கரைக்குட்டையில் வலச் செருப்பு வீரமரணம் அடைந்தது. அடித்தட்டு சேற்றில் தங்கிவிட, பொன்னங்கூரம் மட்டும் அவள் புறங்காலில் பதக்கமாய் நின்றது. குட்டைக்காவலில் இருந்த வழிகாட்டிப் பெண் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இப்பத்தான் எல்லாரையும் மேல ஏத்தினேன். ஒருத்தி, சொல்லச் சொல்லக் கேக்காம ஆழக்குட்டைல எறங்கிட்டா. முழங்கால் வரைக்கும் தண்ணி. நட்சத்திரமீனத் தோள்ல வச்சுப் படம் எடுக்கணுமாம்.”

“அவ குதிகால்ல சிவப்புப் புள்ளி இருந்துச்சா?”

“நான் அவ உயிரப் பாத்தனா, குதிகாலப் பாத்தனா?”

மணி ஐந்து. மிட்டாய்க் கடையை இறைவன் பார்த்துக்கொள்ளட்டுமென்று விட்டுவிட்டு, ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் காலுறையிலுமாகத் துறைமேடைக்குப் பாய்ந்தாள். அங்கே அவள் கண்ட காட்சியில் எந்த மறவரும் ஒரு கணம் வில்லை நழுவவிட்டிருப்பார்கள். கப்பலேணியின் அடியில் தொடங்கி, மீன்சந்தையைச் சுற்றி வளைந்து, காலும் காலுமாய்ப் பழுப்பு. கடையில் வாங்கிய பழுப்பு, கடனாகப் பெற்று மறந்த பழுப்பு, பத்தாயிரம் மைல் அப்பால் தோட்டக் கொட்டகையில் சாகப்போகும் பழுப்பு. அந்தக் காட்டில் மூன்று புள்ளியை எங்கே தேட? மேலே ஊதல் ஒலித்தது. படை நகர்ந்தது.

ஆனால் வரிசையின் நடுவில் ஓரிடத்தில், ஊழித்தீ தின்ற நிலம்போல ஒரு வெற்றிடம் இருந்தது. முன்னால் நின்றவர்கள் ஆறடி முன்னே போயிருந்தார்கள். பின்னால் நின்றவர்கள் ஆறடி பின்னே நின்றிருந்தார்கள். ஒருவர் மிட்டாய்ப் பையை மூக்கில் கவிழ்த்திருந்தார். வட்டத்தின் மையத்தில் தனித்திருந்தனர் சிவந்த முகத்து அம்மையும் அவள் கணவரும். பதினொரு கோடைகளின் குருதியும் கொழுப்பும் ஊறிய மணம், அரசியைக் கண்ட குதிரை கனைப்பதுபோல, எர்லிண்டாவை நோக்கி எழுந்து வந்தது. அவள் மூச்சை இழுத்தாள். குனிந்தாள். மூன்று புள்ளி.

“கழட்டுங்கம்மா. அது என்னோடது.”

மார்லீன் திடுக்கிட்டாள். “விருந்தாளிங்களுக்குன்னு வச்சதுதானே இது?”

“விருந்தாளிங்களுக்கு வச்சது இடப்பக்கம். இது நான் வேலைக்குப் போட்டுட்டுப் போறது. ஆறு மணிக்கு ஷிப்ட்.”

“ஐயோ, தப்பா நெனச்சுக்காதீங்க. மத்தியானத்துலேருந்து ஒரு நாத்தம். இந்த ஊரோட மணமே இதுதானாக்கும்னு நெனச்சேன். டைரில எழுதிக்கூட வச்சுட்டேன்.”

“தப்பா ஒண்ணும் எழுதல.”

கணவர் தோள் கொடுக்க, மார்லீன் ஒற்றைக்காலில் நின்று ஒவ்வொன்றாய் உருவினாள். ஈடாக எர்லிண்டா ஒன்றரைச் செருப்பைத் திருப்பித் தந்தாள். ஓலையையும் நீட்டினாள். அதைக் கண்டதும் மார்லீன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. பேனாவைத் தேடி எடுத்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது எனக் கோடிழுத்து, பத்தாம் வரியில் நின்றாள். ‘உள்ளூர்வாசி ஒருவரோடு மனம்விட்டுப் பேசுங்கள்.’ எர்லிண்டாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, அதற்கும் ஒரு கோடு போட்டாள். பிறகு காலுறையோடு ஏணியேறிப் போனாள்.

இனிப் பாடுவேன் மீட்சியை. காற்றினும் கடுகி, கப்பலின் இறுதி ஊதல் வெற்றிச் சங்காய் முழங்க, இருபுறமும் மழை கவரி வீச, மூன்று புள்ளி மின்ன மீன்சந்தை கடந்து, பனிக்கட்டிக் கிடங்கு கடந்து, ஆறடிக்க நான்கு நிமிடம் இருக்கையில் பதனக்கூடத்தின் இரும்புக் கதவில் ஹால்வர் ஓஸின் முன் வந்து நின்றாள். அவர் அவள் காலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், வழிவிட்டார். குடல்தொட்டி இன்னொருவர் பெயருக்குக் காத்திருக்க, பதினாறு மேசைகளும் தலைநிமிர்ந்து நோக்க, தோற்றறியாத் தோகை, குறுங்கத்திக் கோமகள், தன் முதல் மேசை ஏறிக் கத்தியை எடுத்தாள்.

பூட்ஸுக்குள் இன்னும் குட்டைத் தண்ணீர் இருந்தது. கழற்றிக் கொட்ட நேரமில்லாமல் பன்னிரண்டு மணி நேரமும் அதிலேயே நின்று மீன் வெட்டினாள்.