மாமியாரைப் பயிர்ப் பட்டியலிலிருந்து நீக்கக் கோரி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் எழுதிக்கொள்வது. உங்கள் நலத்தையும் என் மகளின் நலத்தையும் விசாரிக்கிறேன். என் நலத்தைப் பற்றி நான் எழுத வேண்டிய அவசியமில்லை. அது தினமும் காலையில் உங்கள் நிறுவனத்தின் கணினிக்கே வந்துவிடுகிறது, ஈரப்பதம் உட்பட.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இயந்திரங்கள் என்னை மக்காச்சோளம் என்று பதிவு செய்து வைத்திருக்கின்றன. திங்கட்கிழமை அறுவடை வண்டி வருகிறது. அதற்குள் என் பெயரை, பெயர் இல்லையென்றால் என் வரிசை எண்ணை, நீக்கிவிட வேண்டும். தவறினால் நிலத்தை உங்கள் இயந்திரங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு நானே மண்வெட்டியோடு இறங்கிவிடுவேன். இது மிரட்டல் அல்ல, முன்னறிவிப்பு.

நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் மண்ணுக்குள் கருவி புதைத்து, குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, வானத்தில் ட்ரோன் பறக்கவிடும் முன்பு இந்த நிலத்தில் நன்றாக விளைந்தது கோரைப்புல் ஒன்றுதான். உங்கள் மாமனார் இருந்தபோதும் அப்படித்தான். அவருக்குக் கோபம் வந்த அளவுக்கு மகசூல் வந்ததில்லை. இப்போது பயிர் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறது, மோட்டார் கைபேசி சொன்னால் ஓடுகிறது, பக்கத்து நிலத்துக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பெருமூச்சு விடுகிறார், அது எனக்குக் கேட்கிறது, கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் விதைக்கும் வண்டி தானாக ஓடுகிறது என்பதற்காக அது போட்ட வரிசை நேராகத்தான் இருக்கும் என்று நான் நம்பிவிட முடியுமா? கான்வென்ட்டில் ஏழு வகுப்புகளை வரிசையாக நிறுத்திய மாணவத் தலைவி நான். ஆகவே தினமும் காலையில் பன்னிரண்டாம் வரிசையின் தலைமாட்டில் கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, அசையாமல் நின்று, கடைசிச் செடிவரை ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். நான் செய்த குற்றம் இவ்வளவுதான்.

களையெடுக்க வருகிறவளை உங்களுக்குத் தெரியும். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாததால் ஊரே அவளை ரேடியோ என்று கூப்பிடுகிறது. இப்போது களையையும் இயந்திரமே எடுத்துவிடுவதால், கைபேசியில் வரும் பயிர்ச் செய்திகளை எனக்கு வாசித்துச் சொல்வதுதான் அவள் வேலை. ரேடியோ கடைசியில் செய்தி வாசிக்கிறது. ஒரு நாள் அவள் வந்து, "அம்மா, பன்னிரண்டாம் வரிசையில முதல் செடி வெளுத்துப் போச்சாம். தழைச்சத்து பத்தலையாம்" என்றாள். எந்தச் செடி என்று கேட்டேன். அவள் கைபேசியைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், என் தலைமுடியைப் பார்த்தாள். "நீங்கதாம்மா" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ட்ரோன் என் தலைக்கு மேல் வந்து நின்று, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல், உரக்கரைசல் முழுவதையும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த என் உடையின் மேல் தெளித்துவிட்டுப் போயிற்று.

மறுநாள் குடையோடு போனேன். "முதல் செடியில் இலைப்பரப்பு வியக்கத்தக்க வளர்ச்சி, உரம் பலன் தந்துள்ளது" என்று செய்தி. அதற்கு நீங்கள் கைதட்டும் படம் அனுப்பியிருந்தீர்கள், நானே பார்த்தேன். வெயில் தாழ்ந்ததும் குடையை மடக்கினேன். "இலைகள் முற்றிலும் உதிர்ந்தன, பூச்சித் தாக்குதலாக இருக்கலாம்" என்று வந்தது. பூச்சிமருந்து எப்படி நாறும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதைத் தேர்ந்தெடுத்தவரே நீங்கள்தான். மூன்றாவது முறை, நான் மனுஷி என்று அதற்குப் புரிய வைக்கலாமே என்று கைகளை வீசிக் காட்டினேன். "செடி காற்றில் சாய்கிறது, முட்டுக்கொடுக்கவும்" என்றது. ரேடியோ உடனே ஒரு கழியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "என்னடி இது?" என்று கேட்டால், "மேலேருந்து சொல்றாங்கம்மா, நான் என்ன பண்ணட்டும்? லேசாத்தான் கட்டுவேன், வலிக்காது" என்கிறாள்.

உங்கள் நிறுவனத்து நிபுணரைக் கூப்பிட்டனுப்பினேன். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வந்தார். சோளக்காட்டில் தலையில் என்ன விழப்போகிறது என்று நான் கேட்கவில்லை, மரியாதைக்காக. அவர் மடிக்கணினியைத் திறந்து, "மேடம், தினமும் ஒரே இடத்துல, வரிசையில, ஆடாம அசையாம எது நின்னாலும் சிஸ்டம் அதைப் பயிர்னு எடுத்துக்கும். நீங்க கொஞ்சம் மேஞ்சிருந்தீங்கன்னா மாடுன்னு போட்டிருக்கும்" என்றார். சரி, எடுத்துவிடுங்கள் என்றேன். தலையைச் சொறியப் போனார், கவசம் தடுத்தது. "உள்ளே போன பயிர் வெளியே வர ரெண்டே வழிதான் மேடம். ஒண்ணு, அறுவடை. இல்லைன்னா பட்டுப்போச்சுன்னு போடணும். போட்டுடவா?" நான் உயிரோடு எதிரில் நின்றுகொண்டிருக்கிறேன், அவர் விரல் பொத்தானுக்கு மேல் நிற்கிறது! "விரலை வைத்துப் பாருங்கள்" என்றேன். மடிக்கணினியை மூடிவிட்டார்.

இதற்கிடையில் வேளாண் அதிகாரி ஒரு வேன் நிறைய விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு வந்தார். வரப்பில் நின்று, "ஒரு காலத்துல மழை வந்தா சாப்பாடு, வரலைன்னா பட்டினி. இன்னைக்கு ஒவ்வொரு செடியும் தனக்கு என்ன வேணும்னு தானே சொல்லுது. நாடே மாறிப் போச்சு!" என்று முழங்கினார். நான் எதையும் கேட்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கைதட்டிவிட்டார்கள். பிறகு இந்த வட்டாரத்திலேயே காற்றில் சாய்ந்தாலும் நிமிர்ந்துகொள்ளும், மருந்துக்குப் பிறகு பூச்சி அண்டாத, வறட்சி தாங்கும் செடி ஒன்று இங்கே இருப்பதாகத் திரை காட்டுகிறது, அதைப் பார்க்கலாம் என்று எல்லாரையும் பன்னிரண்டாம் வரிசைக்குக் கூட்டி வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்லவேண்டும். ஆனால் அதிகாரி அதிகாரிதான். ஒரு கணம் விழித்துவிட்டு, "இதுதான்" என்று சொல்லிவிட்டார். என் காலடியில் 'மாதிரிப் பயிர், தொடாதீர்கள்' என்று ஒரு பலகையை ஊன்றினார்கள். வந்திருந்த விஞ்ஞானி ஒருவர் பூதக்கண்ணாடியால் என் முழங்கையை ஆராய்ந்தார். இதன் விதை கிடைக்குமா என்று அதிகாரியின் காதில் கேட்டார். அதிகாரி என் காதில் கேட்டார். "ஒரே ஒரு விதை இருந்தது. அதை இந்த இயந்திரங்களைச் செய்தவருக்கே கட்டிக்கொடுத்தாயிற்று" என்றேன். குறித்துக்கொண்டு போனார்கள். உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் திடுக்கிட வேண்டாம்.

போகட்டும் என்று இதையும் பொறுத்தேன். நேற்று வந்த செய்தியைத்தான் பொறுக்க முடியவில்லை. "முதல் செடி: குஞ்சம் முழுவதும் வெளுத்துவிட்டது, வளர்ச்சி நின்றுவிட்டது, நன்றாக முற்றிவிட்டது, அறுவடைக்குத் தயார்." ரேடியோ இதை இரண்டு தடவை வாசித்தாள், இரண்டாவது தடவை ரசித்து. என் மகளுக்குப் போன் செய்து சொன்னேன். "அம்மா, திங்கட்கிழமை ஒரு நாள் நீ அங்க போய் நிக்காம இருந்தா முடிஞ்சு போச்சு. இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்கிறாள். என் நிலத்தில் நான் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதை ஆளில்லாமல் ஓடும் ஒரு கத்தரிக்கோல் வண்டி தீர்மானிப்பதா? வண்டிதான் சுற்றிக்கொண்டு போக வேண்டும். "நீ மட்டும் மாறவே மாட்டியா? நாடே மாறியாச்சு" என்றாள். நாடு மாறட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. என்னைச் சுற்றி மாறட்டும்.

ஆகவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். என்னை நீக்குங்கள், பட்டுப்போனதாக அல்ல, அறுவடையானதாகவும் அல்ல, மனுஷி என்று எழுதி நீக்குங்கள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், பூச்சி அண்டாமல், வேர் பிடித்து வாழ வேண்டும். (உங்கள் கணினியின் நடை எனக்கும் தொற்றிக்கொண்டது, மன்னிக்கவும்.) என் மகளை நேராக நிற்கச் சொல்லவும், கூன் விழுகிறது.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
உங்கள் மாமியார்

பின்குறிப்பு: நேற்று உறையை ஒட்டப் போகும்போது உங்கள் நிபுணர் ஓடிவந்து, "மேடம், உங்க பொண்ணு சொல்லி சாரே உங்களை லிஸ்ட்லேருந்து எடுத்துட்டாரு!" என்று பல்லெல்லாம் தெரியச் சொல்லிவிட்டுப் போனார். நன்றி. இன்று காலை வழக்கம்போலப் போய் நின்றேன். ட்ரோன் வந்தது. என் தலைக்கு மேல் நிற்கவே இல்லை. எனக்கு அடுத்த செடியிடம் போய் அரைவட்டம் அடித்து அதற்கு ஈரம் போதுமா, இலை வாடியிருக்கிறதா என்று சாவகாசமாகப் பார்த்தது. நான் இருமினேன். குடையை விரித்தேன், மடக்கினேன். கடைசியில் கைகளைக்கூட வீசினேன். ஏதோ கம்பம் நிற்கிறது என்பதுபோலப் போய்விட்டது. ரேடியோவைக் கூப்பிட்டு, "என்னைப் பற்றி என்ன வந்திருக்கிறது?" என்று கேட்டேன். கைபேசியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "உங்களைப் பத்தி ஒண்ணும் வரலைம்மா" என்றாள், அதற்கு மேல் அவளுக்கே பேச்சு வரவில்லை. என் மகளின் போன் இனி ஞாயிற்றுக்கிழமைதான் வரும். அதுவரை நான் வாடினேனா, சாய்ந்தேனா என்று யார் பார்ப்பது? அடுத்த செடிக்கு அப்படி என்ன தகுதி, அது வரிசையிலேயே இல்லை, வலப்பக்கம் நாலு விரல் தள்ளி நிற்கிறது. ஆகவே மேலே எழுதியது அத்தனையும் அடித்துவிட்டதாகக் கொண்டு, என்னை இன்றே மறுபடி பயிராகச் சேர்த்துவிடவும். முற்றியது என்று போட வேண்டாம், இளம்பயிர் என்று போடவும். அறுவடை வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்.